சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு

சிகரெட்டை விட்டவர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கோபம்தான் வருகிறது. கிளாஸ்கோவில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும் வந்தது, ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமனாருக்கும் வந்தது. இரண்டு கோபமும் ஒரே கேள்வியில் போய் நின்றன: "அப்போ ஒரு நாளும் தொடாதவன் ஏமாளியா?" இதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். வாங்குகிறவள் கர்ப்பிணி, வயிற்றுக் குழந்தை என்ன பாவம் செய்தது என்பேன். கேட்டவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், ஆனால் கோபம் அப்படியேதான் இருக்கும். அந்தப் பதில் இரக்கத்தைக் கேட்டு வாங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் காசு எப்படி வேலை செய்கிறது என்பதை அது சொல்வதில்லை. எனக்கு உறக்கத்தில்கூட வந்து நிற்கும் கேள்வி அதுதான். ஏனென்றால் அது வேலை செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நான் ஒரு மருந்துக்கடையில் உதவியாளர். ஸ்காட்லாந்தில் புகைப்பதை நிறுத்த நினைப்பவர்கள் தெருமுனை மருந்துக்கடைக்கே வரலாம். வாரம் ஒருமுறை வரச்சொல்லி தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டையோ சூயிங்கமோ இலவசமாகக் கொடுப்போம், ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்ப்போம். 10-க்குக் கீழே காட்டினால் முந்தைய நாளில் புகைக்கவில்லை என்று கொள்ளலாம். அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன் மனிதர்கள் முகத்தில் ஓடும் பதற்றம் இருக்கிறதே, பரீட்சை முடிவு வரும் நாளில் பிள்ளைகளிடம் பார்ப்போமே, அதேதான். கட்டட வேலை செய்யும் ஆள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

2012-ல் இந்த நகரத்தில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. புகைக்கும் கர்ப்பிணிப் பெண்கள் 612 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான உதவி உண்டு: ஒருமுறை நேரில் பேச்சு, பிறகு நான்கு வாரம் தொலைபேசி, பத்து வாரத்துக்கு நிகோட்டின் பட்டை. ஒரு பாதிக்கு மட்டும் இதோடு கடைகளில் செலவழிக்கும் வவுச்சர். முதல் சந்திப்புக்கு வந்து, விடப்போகும் தேதியைக் குறித்தால் 50 பவுண்டு. நான்கு வாரம் கழித்து ஊதிப் பார்த்து, புகைக்கவில்லை என்று தெரிந்தால் இன்னொரு 50. பன்னிரண்டு வாரத்தில் 100. பிரசவம் நெருங்கும்போது, 34 முதல் 38-வது வாரத்துக்குள், 200. மொத்தம் 400. பட்டை வாங்க மருந்துக்கடைக்குத்தான் வருவார்கள் என்பதால் இரு பாதிப் பெண்களும் எங்கள் வரிசையிலேயே நின்றார்கள். யார் எந்தப் பாதி என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. சிலர் சொன்னார்கள்.

முடிவு 2015 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேர் கர்ப்பத்தின் கடைசியில் புகைக்காமல் இருந்தார்கள். வவுச்சர் பெற்றவர்களில் 22.5 சதவீதம். வாய்ப்பேச்சை மட்டும் நம்பவில்லை. நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கொட்டினின் என்ற பொருளை அளந்து உறுதி செய்தார்கள். ஏழு பேருக்கு வவுச்சர் கொடுத்தால், இல்லாவிட்டால் விட்டிருக்கமாட்டாள் என்ற நிலையில் இருந்த ஒருத்தி விட்டுவிடுகிறாள். எங்கள் கவுண்டரில் நின்று வாராவாரம் பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வாங்கிப்போனவள் வராமல் போவதையே பார்த்துப் பழகியவளுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று சொன்னால் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. பிறந்த குழந்தைகளின் சராசரி எடையில் வேறுபாடு இல்லை, 3,140 கிராமும் 3,120 கிராமும். அதையும் சொல்லத்தான் வேண்டும். வவுச்சர் வாங்கிய பாதியிலும் நான்கில் மூன்று பேருக்கு மேல் புகைத்துக்கொண்டுதானே இருந்தார்கள், சராசரி எப்படி அசையும்?

உதைக்கும் கணக்கு

என்னை விடாமல் அரித்தது இதுதான். அன்றைக்கு இருபது சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட் ஏறத்தாழ ஏழு பவுண்டு. நாளுக்குப் பத்து என்று வைத்தாலே மாதம் நூறு பவுண்டு புகையாகப் போகிறது. மூன்றாவது மாதத்தில் விட்டவளுக்குக் குழந்தை பிறப்பதற்குள் அறுநூறு பவுண்டு கையில் நிற்க வேண்டும். வவுச்சரோ 400. அறுநூறு அசைக்காதவளை நானூறு எப்படி அசைத்தது? காசுக்கு ஆசைப்பட்டுத்தான் விட்டாள் என்றால், காசு ஏற்கெனவே அவள் கையில்தானே இருந்தது!

மிச்சப்படும் காசு கண்ணில் படாது என்பது ஒரு காரணம். அது தனியாக ஒரு உறையில் வந்து விழுவதில்லை. மின்சார மீட்டரிலும் பெரிய பையனின் காலணியிலும் கரைந்துவிடும். வவுச்சர் முழுதாக வரும், குழந்தை வண்டியாக மாறும். இது உண்மை. இல்லாதவர் வீட்டில் 50 பவுண்டு என்பது எவ்வளவு என்று தெரியாமல், 'அற்பக் காசு' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். இன்னொரு காரணம், தேதி. புற்றுநோய் இருபது வருடம் தள்ளி நிற்கிறது, நான்காவது வாரம் அடுத்த மாதம் வந்துவிடும். ஆய்வாளர்கள் இந்த இரண்டையும்தான் அதிகம் சொல்கிறார்கள். இரண்டும் சரி. ஆனால் என் கவுண்டரில் ஒரு பெண் சொன்ன விஷயம் இரண்டிலும் அடங்கவில்லை.

அவளைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். நகரத்தின் கிழக்குப் பக்கம், மிகவும் சின்ன வயது, வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர், மூவரும் புகைப்பவர்கள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அவளுக்கு வவுச்சர் விழுந்திருந்தது. எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ, கருவியில் ஊதி எண் நன்றாக வந்ததும், "வீட்டில் எல்லோரும் பிடிக்கும்போது எப்படிச் சமாளிக்கிறாய்?" என்று கேட்டேன். அவள் சொன்னதன் சாரம் இது. "குழந்தைக்காக விட்டுவிட்டேன் என்று சொன்னால் என் அக்காவுக்குக் கோபம் வரும். அவள் இரண்டு பிள்ளைக்கும் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். என்னவோ நான் மட்டும் நல்ல தாய் என்று காட்டுவதுபோல ஆகிவிடும். 'சும்மா இரு, ஒன்று பிடித்தால் என் இருநூறு பவுண்டு போய்விடும்' என்றால் சிரித்துக்கொண்டே லைட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள்."

அன்றைக்கு எனக்கு இது ஒரு சுவையான பேச்சாகத்தான் பட்டது. பட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாலை போட்ட நாட்கள்

2015 கோடையில் மாமா வந்திருந்தார். மாமா பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருநெல்வேலிப் பக்கம். பீடி சுற்றும் ஊர், பிடிக்கும் ஊர். அவரும் இருபது வயதிலிருந்து பிடித்தவர். பிற்காலத்தில் மருத்துவர் சொல்லி விட்டார், அது தனிக்கதை. ஆய்வைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னேன். "ஏம்மா, கெட்ட பழக்கத்த விடுறதுக்குச் சர்க்கார் கூலி குடுக்குதா? நான் யாரு காசுக்கு விட்டேன்?" என்றார். கோபம்தான், ஆனால் அந்தக் கோபத்துக்குள் தன்னுடைய பாடு மதிக்கப்படவில்லையே என்ற வருத்தம் இருந்தது. அதனால் நான் வாதாடவில்லை. "நீங்க அதுக்கு முன்னாடி விட்டுப் பாத்ததே இல்லையா மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏன் இல்ல? வருசா வருசம் விட்டேனே. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டா நாப்பத்தோரு நாளும் ஒரு பீடி கெடையாது."

"நாப்பத்தோரு நாள் முடிஞ்சவருக்கு அடுத்த நாள் ஏன் முடியல?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "மாலை கெடக்குற வரைக்கும் ஒருத்தனும் நீட்டமாட்டாம்மா. சாமி போட்டிருக்காருன்னு அவனே கைய மறைச்சுக்கிடுவான். டீக்கடையில எனக்குன்னு தள்ளி எடம் விட்டு நிப்பானுவ. மாலையக் கழட்டுன அன்னைக்கே, என்ன சாமி வெரதம் முடிஞ்சுதான்னு நாலு பேரு கட்ட எடுத்து நீட்டுவான். வேண்டாம்னு சொன்னா, என்னல, எங்கள விட்டு ஒசந்துட்டியோன்னு கேப்பான்."

எனக்கு அந்தக் கிழக்குப் பக்கத்துப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் அக்காவிடம் சொல்ல முடியாமல் இருந்ததும், மாமா டீக்கடையில் சொல்ல முடியாமல் போனதும் ஒன்றுதான். புகைப்பது கூட்டத்தோடு செய்கிற காரியம். தீப்பெட்டி கேட்டுத்தான் பாதி சிநேகிதம் தொடங்குகிறது. பகிர்ந்துகொள்வதில்தான் அந்த உறவு நிற்கிறது. எல்லோரும் பிடிக்கிற இடத்தில் ஒருவன் மட்டும் வேண்டாம் என்றால், அவன் வேண்டாம் என்பது சிகரெட்டை மட்டுமல்ல என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாலை அந்த நாற்பத்தோரு நாளுக்கு ஒரு காரணத்தைக் கழுத்தில் போட்டுவிடுகிறது. அந்தக் காரணம் யாரையும் தாழ்த்துவதில்லை. 'நான் உங்களைவிட நல்லவன்' என்று சொல்லாமலே விலகி நிற்கலாம். வவுச்சரும் அந்தப் பெண்ணுக்கு அதைத்தான் செய்தது. இல்லாதவர் வீட்டில் 200 பவுண்டை விட்டுவிடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது எல்லோருக்கும் புரிகிற காரணம்.

நன்றாகப் படித்து, நல்ல வேலையில், புகைப்பவர்களே அதிகம் இல்லாத வட்டத்தில் இருப்பவருக்கு இந்தச் சாக்கு தேவைப்படாது. விட்டுவிட்டேன் என்றால் கைதட்டுவார்கள். பிரிட்டனில் இன்று கர்ப்ப காலத்தில் புகைக்கும் பெண்கள் பெரும்பாலும் ஏழ்மையான பகுதிகளில்தான் இருக்கிறார்கள், அந்தப் பகுதிகளில் கைதட்ட ஆள் குறைவு. மன உறுதி போதாது என்று அவர்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள், தங்களுக்கு எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

சொந்தக் காசைக் கட்டுவது

இவ்வளவு சொன்ன பிறகும் மாமா ஒரு யோசனை வைத்தார். பலரும் வைக்கிற யோசனைதான்: "அரசாங்கம் ஏன் குடுக்கணும்? அவனே தன் காசக் கட்டட்டும். விட்டாத் திருப்பிக் குடு, விடலன்னா போச்சு." கேட்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள். இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவின் புட்டுவான் நகரில், 2006-ல், ஒரு வங்கியும் பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து தெருவில் புகைப்பவர்களை அணுகினார்கள். 50 பெசோ கொடுத்துக் கணக்கைத் தொடங்கலாம், சிகரெட்டுக்குச் செலவாகும் காசை ஆறு மாதம் அதில் போடலாம், வட்டி கிடையாது. ஆறாவது மாதம் சிறுநீர்ப் பரிசோதனை. நிகோட்டின் இல்லாவிட்டால் பணம் திரும்ப வரும், இருந்தால் முழுவதும் தருமத்துக்குப் போய்விடும். பலன் இருந்தது. இந்த வாய்ப்பு நீட்டப்பட்டவர்களில், நீட்டப்படாதவர்களைவிடக் கூடுதலாக நூற்றுக்கு மூன்று பேர் பரிசோதனையில் தேறினார்கள். ஓராண்டு கழித்துச் சொல்லாமல் வந்து சோதித்தபோதும் அந்த வேறுபாடு நின்றது. ஆனால் வாய்ப்பு நீட்டப்பட்டவர்களில் கணக்கைத் தொடங்க முன்வந்ததே 11 சதவீதம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் கட்டிய காசை இழந்தார்கள்.

அமெரிக்காவில் சிவிஎஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியர்கள், அவர்களின் உறவினர்கள், நண்பர்களிடம் இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். 2,500-க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு, விட்டால் 800 டாலர் பரிசு. இன்னொரு பிரிவு தன் சொந்தக் காசு 150 டாலரைக் கட்ட வேண்டும்; விட்டால் அதுவும் திரும்பும், மேலே 650-ம் வரும். பரிசுத் திட்டத்துக்கு 90 சதவீதம் பேர் சரி என்றார்கள். முன்பணத் திட்டத்துக்கு 13.7 சதவீதம். கட்டத் துணிந்தவர்களுக்கு முன்பணம் பரிசைவிடக் கூடுதலாகவே உதவியது. ஆனால் கட்டத் துணிபவர்கள் யார்? மொத்தமாகப் பார்த்தால் ஆறு மாதம் புகைக்காமல் இருந்தவர்கள் பரிசுப் பிரிவில்தான் அதிகம். நம் நியாய உணர்ச்சிக்கு இதமாக இருக்கும் திட்டம், வாசலில் வருபவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. திரும்பிப் போகிறவர்கள் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். 150 டாலரை எடுத்துத் தனியாக வைக்க முடிந்தவளாக இருந்தால் அவள் பாதிக் கவலைகள் தீர்ந்திருக்கும். அதனால் இந்த விஷயத்தில் என் நிலை உறுதியானது: கொடுப்பதென்றால் கொடுக்க வேண்டும், அவள் கையிலிருந்து பிடுங்கித் திருப்பித் தருவது கூடாது.

தொடாதவனின் கேள்வி

சரி, ஏமாளிக் கேள்விக்கு என்ன பதில்? அது வெறும் பொறாமை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 878 ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. விட்டவர்களுக்கு மொத்தம் 750 டாலர். ஓராண்டு வாக்கில் விட்டவர்கள் 14.7 சதவீதம், பணம் இல்லாத பிரிவில் 5 சதவீதம். இவ்வளவு நல்ல முடிவைக் கண்ட நிறுவனம் அதை எல்லா ஊழியர்களுக்கும் கொண்டுவர நினைத்தபோது, புகைக்காத ஊழியர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் பரிசு போய், புகைப்பவர்களின் காப்பீட்டுக் கட்டணத்தில் ஆண்டுக்கு 625 டாலர் கூடுதலாக வசூலிக்கும் திட்டமாக அது மாறியது. கொடுக்க நினைத்த கை, பறிக்கும் கையானது. அந்தக் கோபத்துக்கு இவ்வளவு பலம் உண்டு.

மாமாவிடம் நான் வேறு வழியாகப் போனேன். நம் ஊரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஒரு மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. இன்றைக்கு 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து. கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், பரிசோதனைக்குப் போக வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். அதற்கேற்பத் தவணை தவணையாக வரும். தன் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்கு ஒரு தாய்க்கு ஏன் பணம் என்று ஊரில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை. அவர் அண்ணன் மருமகளுக்கு அந்தப் பணத்தை வாங்கிக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அலைந்தவரே அவர்தான். நல்லதைச் செய்யக் காசு கொடுப்பது நமக்கு உறுத்தவில்லை. கெட்டது என்று நாம் முத்திரை குத்தியதை விடுவதற்குக் கொடுத்தால்தான் உறுத்துகிறது. குழந்தைக்குப் போய்ச் சேரும் நன்மையில் அப்படி என்ன வேறுபாடு? மாமா இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அது வேற, இது வேற" என்றார். ஆனால் கோபத்தோடு சொல்லவில்லை.

மாலையைக் கழற்றிய பிறகு

மாமா சொன்ன கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அதுதான் எனக்கு இப்போதும் கவலை. கிளாஸ்கோ முடிவைச் சரிபார்க்க ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, இங்கிலாந்து மூன்றிலும் 944 பெண்களிடம் மறுபடி ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசியில் புகைக்காமல் இருந்தவர்கள் வவுச்சர் பிரிவில் 27 சதவீதம், மற்றப் பிரிவில் 12 சதவீதம். அதே திசை, இன்னும் உறுதியாக. ஆனால் குழந்தை பிறந்த பிறகு இரு பிரிவிலும் பெரும்பாலோர் மறுபடி புகைக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, காசு நின்றதும் பழக்கம் திரும்பிவிட்டது என்கிறார்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். பிரசவத்தோடு வவுச்சர் முடிந்தது. அக்காவிடம் சொல்ல இருந்த காரணமும் அன்றோடு முடிந்தது. வீட்டில் மற்ற மூன்று பேரும் அதே இடத்தில், அதே பாக்கெட்டோடு இருக்கிறார்கள். தூக்கமில்லாத இரவுகள் வேறு.

இந்த வயிற்றுப்பிள்ளைக் காலத்து வெற்றியைக் குறைத்து மதிக்கக்கூடாது. கருவில் இருக்கும்போது கிடைத்த தூய ரத்தத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதோடு நிறுத்துவதும் சரியில்லை. வவுச்சரின் தேதிகள் பிரசவத்தைத் தாண்டிப் போக வேண்டும், முதல் பிறந்தநாள் வரையாவது. அதைவிட முக்கியம், காசு அவள் ஒருத்திக்கு மட்டும் வரக்கூடாது. அமெரிக்காவின் ஓரிகானில், 2000-த்தில் வெளியான ஒரு ஆய்வில், கர்ப்பிணி விட்டால் அவளுக்கும் வவுச்சர், அவளுக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டவருக்கும் வவுச்சர் என்று வைத்தார்கள். கர்ப்பத்தின் எட்டாவது மாதத்தில் விட்டவர்கள் 32 சதவீதம், வவுச்சர் இல்லாத பிரிவில் 9. தாய்லாந்தின் நக்கோன் நாயோக் மாகாணத்தில் கிராமத்துப் புகைப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, இருவரும் விட்டால் இருவருக்கும் கூடுதல் பணம் என்றார்கள். ஆறாவது மாதத்தில் 44 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், வெறும் அறிவுரை பெற்ற பிரிவில் 19. அது 201 பேர் கொண்ட சின்ன ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அது போகும் திசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இனி யாராவது இப்படி ஒரு திட்டத்தை எங்கள் பகுதிக்குக் கொண்டுவந்தால், நான் கேட்கப்போவது தொகையை உயர்த்தச் சொல்லி அல்ல. அந்த 400-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கர்ப்பிணியைப் பதிவு செய்யும் அன்றைக்கே, வீட்டில் புகைக்கும் இன்னொருவர் பெயரையும் கேளுங்கள். அக்காவோ, அம்மாவோ, குழந்தையின் தகப்பனோ, யாராக இருந்தாலும் அவரும் அவளோடு எங்கள் கவுண்டருக்கு வந்து ஊதட்டும். அவர் எண்ணும் 10-க்குக் கீழே வந்தால் அவருக்கும் ஒரு 50 பவுண்டு கொடுங்கள்.